வணங்கும் வரிசை

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறோம். நீயும் உன்னோடு இருக்கும் பிக்குணிகளும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? உன் கழுத்து வலி எப்படி? நாலு பேர் எதிரில் உன்னை 'நீங்க' என்று கூப்பிடுகிறேன். கடிதத்தில் நீ நீதான், கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசிவிடலாம்தான். ஆனால் உங்களுக்கான போன் பெரிய மடத்து ஆபீஸில் இருக்கிறது, நான் பேசுவதை மூன்று பேர் ஓசியில் கேட்கிறார்கள். அதனால் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளை நிற்பது இப்போது மட்டும்தான். நான் உட்காருவதும் இப்போது மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் உருண்டை துறவியாகப் போகிறானாம்! சிரிக்காதே. செல்போன் கடை வேலையை விட்டுவிட்டான். விடியற்காலையில் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிறான். உட்கார்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டால், "தியானம்மா, கொஞ்சம் சத்தம் போடாம பாத்திரம் கழுவு" என்கிறான். எப்படி அக்கா சத்தம் போடாமல் பாத்திரம் கழுவுவது?

அவருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நாளிலிருந்து டி.வி.யை விட்டு நகராத மனுஷன், இப்போது தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எம் பையன் பிக்கு ஆகப் போறான்" என்கிறார். என்னிடம், "பெத்த வயிறு குளிரணும்டி" என்கிறார். வயிறு குளிர்கிறதோ இல்லையோ, கால் எரிகிறது. இவன் சம்பாத்தியத்தில் இந்த வருஷமாவது வேலையை விடலாம் என்று இருந்தேன். அதை யாரிடம் சொல்வது? புண்ணியத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்பார்கள்.

ஜூன் மாதம் உங்கள் பெரிய மடத்திலேயே துறவு கொடுக்கிறார்கள். நீ முன்வரிசையில் நிற்க வேண்டும். நான் இரட்டை ஷிப்ட் பார்த்த அந்த இரண்டு வருஷமும் அவனை இடுப்பிலிருந்து இறக்காமல் திரிந்தவள் நீ. அவன் முதலில் 'அம்மா' என்று கூப்பிட்டது உன்னைத்தான். அதற்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வருகிறேன் என்று ஒரு வரி எழுது. மணி அடித்துவிட்டார்கள்.

உன் தங்கச்சி


பிப்ரவரி 27

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நால்வரும் நலம். கழுத்து வலி இருக்கிறது, பழகிவிட்டது. உன் கால் நரம்புக்கு டாக்டர் கொடுத்த இறுக்கமான காலுறையைப் போடுகிறாயா, அலமாரிக்குப் போட்டு வைத்திருக்கிறாயா?

இங்கே கூரை ஒழுகுகிறது. தகரத்தில் மூன்று இடத்தில் ஓட்டை. எங்களில் ஒருத்தி தையல்காரியாக இருந்தவள். எதைக் கொடுத்தாலும் ஒட்டுப் போடுவாள், தகரத்துக்கு ஊசி இறங்கவில்லை என்று வருத்தப்படுகிறாள். எங்களில் சின்னவள் ஏணியில் ஏறித் தார் பூசினாள். அவள் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஏணியில் நின்றபடி கீழே இருக்கும் எங்களை எல்லாம் அதட்டினாள்.

பிள்ளைக்கு என் ஆசிகள். விடியலில் எழுகிறான் என்பதே பெரிய விஷயம். பசி தாங்குவானா? மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. இப்போதே பழகச் சொல். நீ வேலையை விட நினைத்ததை அவனிடமாவது சொன்னாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் கூரையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். அதைப் பற்றித்தான் ஒரு பக்கம் எழுதியிருந்தாயே! தகரம், தார், ஏணி எல்லாம் வந்தது. நீ வருவாயா மாட்டாயா என்பது மட்டும் வரவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே நெஞ்சழுத்தக்காரி. உன் வாயிலிருந்து ஒரு பதில் வாங்குவதற்குள் எனக்கு நரை கூடிவிட்டது.

உருண்டை இப்போது வாரத்துக்கு நாலு நாள் பெரிய மடத்தில் பாடம் கேட்கப் போகிறான். நேற்று வந்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நோண்டி நோண்டிக் கேட்டேன். "பெரியம்மாவும் அவங்க கூட இருக்கறவங்களும் பிக்குகளை வணங்கறது இல்லையாம்மா. எல்லாரும் அதையே பேசறாங்க. தலைமை பிக்கு என்கிட்ட, அவங்க உனக்குச் சொந்தமான்னு கேட்டார்" என்றான்.

"நீ என்னடா சொன்னே?"

"தெரிஞ்சவங்கன்னு சொன்னேன்."

தெரிந்தவர்களாம்! கையில் இருந்த கரண்டியை அவன் பக்கத்தில் வீசினேன். அவன் மேல் படவில்லை, வேண்டுமென்றேதான் தள்ளி வீசினேன். அவர் உள்ளேயிருந்து, "துறவியாகப் போற பையனை அடிக்கிறாளே!" என்று கத்தினார்.

என்ன அக்கா இது? வணங்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? பூசி மெழுகாமல் எழுது.

தங்கச்சி


ஏப்ரல் 2

அன்புத் தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். கரண்டியை வீசியிருக்க வேண்டாம். பாவம், பெரிய இடத்தில் பெரியவர் கேட்டால் சின்னப் பையன் என்ன சொல்வான்.

நீ கேட்டதால் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கில் ஒரு விதி இருக்கிறது. ஒரு பிக்குணி துறவு பெற்று நூறு வருஷம் ஆகியிருந்தாலும், அன்று காலையில் துறவு பெற்ற பிக்குவைப் பார்த்தால் அவள்தான் வணங்க வேண்டும். இதைப் புத்தரே வைத்தார் என்று ஒரு சாரார். பின்னால் வந்த ஆண்கள் சேர்த்தது என்று இன்னொரு சாரார். படித்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் வணங்கிக்கொண்டே இருந்தோம்.

எங்களுக்கெல்லாம் மூத்த பிக்குணி, எங்கள் பெரியவர், ஞாபகம் இருக்கிறதா? நீ வந்தபோது உன் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாரே, அவர். எண்பதைத் தாண்டியவர், இடுப்பெலும்பு தேய்ந்தவர். போன வருஷம் ஒரு பையன் காலையில் துறவு வாங்கினான். இவர் போய் முட்டி போட்டு, நெற்றியைத் தரையில் வைத்து வணங்கினார். அதன்பிறகு எழ முடியவில்லை. அப்படியே கிடந்தார். பையன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான், கவனிக்கவே இல்லை. நானும் சின்னவளும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். நடந்து வரும்போது பெரியவர், "போதும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த மாதம் போய்விட்டார்.

அவர் காரியம் முடிந்ததும் நாங்கள் உட்கார்ந்து பேசினோம். இனிமேல் யார் துறவில் மூத்தவரோ அவரை இளையவர் வணங்கட்டும், ஆணானாலும் பெண்ணானாலும் சரி. மூத்த பிக்குகளை இன்றும் நாங்கள் விழுந்து வணங்குகிறோம். இளையவர்களைக் கைகூப்பி வரவேற்கிறோம். இதைத்தான் வணங்க மாட்டோம் என்று சொல்லித் திரிகிறார்கள்.

இது புதுக் கேள்வியும் இல்லை. புத்தருடைய அம்மா அவர் பிறந்த கொஞ்ச நாளில் இறந்துபோனாள். பால் கொடுத்து வளர்த்தவள் அம்மாவின் தங்கை. அந்தச் சித்திதான் முதல் பிக்குணி. அவளும் இதையேதான் கேட்டாளாம், மூப்பு வரிசைப்படி வணங்கினால் போதாதா என்று. முடியாது என்று பதில் வந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டாள் என்பதையும் சேர்த்து எழுதினார்களே, அந்த மட்டும் சரி.

வீரம் என்று நினைத்துவிடாதே. கோபத்தில்கூடச் செய்யவில்லை. அலுத்துப்போய்ச் செய்தோம். பெரிய மடத்திலிருந்து மாதம் இரண்டு தரம் எங்களுக்கு உரை சொல்ல வருபவர் இப்போது வருவதில்லை. தெருக்காரர்கள் சோறு போடுகிறார்கள், அதில் குறைவில்லை.

ஜூன் மாதத்துக்கு நான் என்ன பதில் சொல்வது என்று உனக்கே தெரியும்.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

சௌக்கியம், சௌக்கியமறிய ஆவல், எல்லாம் எழுதிவிட்டதாக வைத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் அந்தக் கிழவியை நினைத்து அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அழுகை போய்விட்டது, கோபம் போகவில்லை.

குனிவதைப் பற்றி எனக்கா சொல்கிறாய்? காலையில் தொட்டி வண்டியிலிருந்து ஈர விரிப்பை அள்ளக் குனிகிறேன். ரத்தமும் சீழும் போன பிறகும் ஒரு கறை இருக்கும், அதைப் பார்க்கக் குனிகிறேன். நானும் எதிரே நிற்பவளும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உருளைக்குள் விட்டு, மறுபக்கம் மடித்து, அடுக்கக் குனிகிறேன். மேற்பார்வையாளனுக்கு என் பையன் வயது, அவன் வந்தால் அதற்கு ஒரு குனிதல். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, பாத்திரம், கட்டிலுக்கு அடியில் போன அவருடைய செருப்பு. எந்த விதியில் எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேனா? உங்களுக்காவது விதி என்று ஒன்று இருக்கிறது, அதன் முன்னால் நின்று முடியாது என்று சொல்லலாம். நான் யாரிடம் போய் முடியாது என்பேன்?

நீ தலையை மழித்துக்கொண்டு கிளம்பினபோது நான் போகாதே என்றேனா? அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலம், அம்மா போன காலம், எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி இருந்தேன். ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இப்போது சொல்லிக் காட்டுகிறேன். நன்றாகக் கேட்டுக்கொள்.

அவன் உன் பிள்ளை. நீ இடுப்பில் வைத்திருந்த பிள்ளை. ஒரே ஒரு தரம் குனிந்தால் உன் கொள்கை குடைசாய்ந்துவிடுமா? அன்றைக்கு நீ பின்னால் கைகூப்பி நின்றால் நாலு பேர் சிரிப்பார்கள். அவனுக்கு அவமானம், அவருக்கு அவமானம். எனக்கு மானமே மிச்சமில்லை, அதனால் என்னை விடு.

வந்து வணங்கு. இல்லையென்றால் வராதே.

தங்கச்சி


மே 20

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நீ எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை, அதனால்தான் தாமதம்.

இங்கே சாமான்களை ஒழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். நிறையச் சேர்ந்துவிட்டது. துறவிகள் வீட்டில் இவ்வளவு டப்பா எப்படி வந்தது என்று தையல்காரி கேட்கிறாள்.

காலுறையைப் போடு.

அக்கா


மே 27

அக்கா, அக்கா,

நீ நன்றாக இருக்கிறாயா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உண்மையைச் சொல்.

சாமான் கட்டுகிறோம் என்று நீ எழுதியதை வீட்டுச் சுத்தம் என்று நினைத்துவிட்டேன், மடச்சி. நேற்று உருண்டை சொல்லித்தான் தெரியும். தலைமை பிக்கு அவனைக் கூப்பிட்டு, "உங்க பெரியம்மா அன்னைக்கு எல்லார் எதிர்லயும் வந்து உன்னை வணங்கட்டும். பழையபடி ஆயிடும், கூரையும் மாத்திக் கொடுத்துடறோம். இல்லேன்னா மழைக்காலம் முடிஞ்சதும் அவங்க வேற இடம் பாத்துக்கட்டும். அது மடத்து நிலம்" என்றாராம். இதை உங்களிடம் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டாராமே! நான் உன்னை அந்தத் திட்டு திட்டி எழுதினபோது இது உன் தலைமேல் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னாயா?

உருண்டைக்கு முகமே சரியில்லை. "நான் வேணும்னா துறவை ஒத்திப் போடட்டுமாம்மா?" என்றான். அவர் பாய்ந்து வந்து, "ஊரெல்லாம் சொல்லியாச்சு" என்றார். நான் பாயை விரித்துவிட்டேன். நிற்கத் தெம்பில்லை. அன்றைக்கு முழுக்க ஒரே ஈரம், நாலு வார்டு விரிப்பும் ஒன்றாக வந்து சேர்ந்தது.

இந்தத் தடவை நான் அதிகாரம் பண்ணவில்லை, கெஞ்சுகிறேன். வணங்கிவிடு. அவனுக்காக இல்லை, அவர் மானத்துக்காக இல்லை. உனக்கு ஐம்பத்தாறு வயது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு எங்கே போவாய்? மழித்த தலையோடு நாலு பெண்கள் வந்தால் யார் வீடு கொடுப்பார்கள்? ஒரு நிமிஷ வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடு. நான் அப்படித்தான் எல்லாவற்றையும் செய்கிறேன்.

தங்கச்சி


ஜூன் 8

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ திட்டினால் எனக்குப் பழக்கம். நீ கெஞ்சுவது பழக்கமில்லை, அதைச் செய்யாதே.

தலைமை பிக்கு கெட்டவர் இல்லை. நேரில் வந்தார், படி ஏறவே மூச்சு வாங்கினார். "நான் உங்களுக்கு எதிரியா? நாலு மடத்துக்காரங்க என்னைக் கேள்வி கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்றார். தண்ணீர் கொடுத்தோம். அவர் மூத்தவர், விழுந்து வணங்கினோம். அவருக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

சின்னவள் நேற்று என்னை உட்கார வைத்து, "நீங்க அன்னைக்கு வணங்கினா அடுத்த நாள் காலையில நான் இங்க இருக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க" என்றாள். டீச்சர் அல்லவா, வெட்டு ஒன்று துண்டு இரண்டு. தையல்காரி, "எனக்கு ஒரு மூலை கிடைச்சா போதும், எது நடந்தாலும் சரி" என்றாள். நாலாமவள் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

நான் வருகிறேன். என்ன செய்வேன் என்று கேட்காதே.

நீ வெகுநேரம் நிற்காதே. நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

நீ நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் நலமில்லை. மூன்று நாளாக வேலையில் கவனமில்லை. நேற்று விரிப்பின் முனை இரண்டு தரம் நழுவி, எதிரே நின்றவள் திட்டினாள்.

நடந்ததை உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

மண்டபம் நிரம்பியிருந்தது. உருண்டை புதுக் காவிச் சீவர உடையில், மழித்த தலையோடு மேடைமேல் உட்கார்ந்திருந்தான். என் பிள்ளை மாதிரியே இல்லை. காதுகள் மட்டும் அவன் காதுகள். முதலில் பெற்றவர்கள் வணங்க வேண்டும் என்றார்கள். அவர் சட்டென்று விழுந்து எழுந்துவிட்டார். நான் முட்டி போட்டேன், நெற்றியை வைத்தேன். எழப் பார்க்கிறேன், முடியவில்லை. கால் மரத்துவிட்டது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு பல்லைக் கடித்தபடி, "எழுந்திருடி, எல்லாரும் பாக்கறாங்க" என்கிறார். கையைக் கொடுக்கத் தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு. உருண்டை மேலேயிருந்து பார்க்கிறான், அவன் எழக்கூடாது. அதற்குள் மைக்கில் தலைமை பிக்கு, "அடுத்து பிக்குணிகள் வந்து புது பிக்குவை வணங்குவார்கள்" என்றுவிட்டார். மண்டபமே கழுத்தைத் திருப்பி உன்னைப் பார்த்தது.

நீ நடந்து வந்தாய். அப்பாடா, வணங்கப் போகிறாள், வீடு தப்பித்தது என்று தரையில் கிடந்தபடியே நான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

நீ என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாய். சரி, அதோடு விட்டிருக்கலாமே? என் காலடியில் முட்டி போட்டாயே! அந்தக் காலுறை போட்ட காலின் முன்னால், தரையில் நெற்றியை வைத்து, ஒரு தரம் இல்லை, மூன்று தரம்! துறவிகள் துறவிகளை வணங்குகிற மாதிரி! நான் பின்னால் நகரப் பார்த்தேன். "அக்கா, வேணாம், எழுந்திரு, எனக்குப் பாவம்!" என்று கத்தினேன். மைக்கில் அதுவும் கேட்டதாம். அப்புறம் நீ எழுந்தாய், உருண்டையைப் பார்த்துக் கைகூப்பினாய், போய்விட்டாய். அவனை நீ வணங்கவே இல்லை.

ஒரே அமளி. துறவி இல்லறத்தாளை வணங்குவதா, அதுவும் மேடைக்கு எதிரில், அதுவும் துறவு நாளில் என்று பிக்குகள் எழுந்துவிட்டார்கள். தலைமை பிக்கு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் சின்னவள் முகம் வெளுத்து நின்றதைப் பார்த்தேன். அவளுக்கும் இது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இவர், "உங்க குடும்பமே இப்படித்தானா?" என்றார். "ஆமாம், இப்படித்தான்" என்றேன். அவர் டி.வி.யைப் போட்டுக்கொண்டார்.

நேற்று உருண்டை பிச்சைக்கு நம் தெருப்பக்கம் வந்தான். பாத்திரத்தில் சோறு போட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, "பெரியம்மா எங்க போவாங்க?" என்றான். "தெரிஞ்சவங்கதானே, எங்கேயாவது போவாங்க" என்றேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொன்னதற்காக வருத்தப்பட்டேன், ஆனாலும் சொன்னேன்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். அவர்களை எதிர்க்க உனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்கு என்னை எடுத்துக்கொண்டாயா? அத்தனை பேர் எதிரில் என்னை நிற்க வைத்து, என் காலைக் காட்டி, ஒரு பாடம் நடத்தினாயா? அப்படியானால் அதுவும் எனக்கு இன்னொரு வேலைதான். எல்லோரும் என்னை வைத்து ஒரு வேலை வாங்குகிறார்கள், நீயுமா?

முன்னறையை ஒழிக்கப் போகிறேன். நாலு பேரும் அங்கே வந்து இருங்கள். டி.வி.யை நகர்த்த முடியாது என்கிறார். நகர்த்துகிறேனா இல்லையா பார்.

தங்கச்சி


ஜூலை 10

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. விரிப்பு இப்போது கையில் நழுவாமல் நிற்கிறதா?

காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. மழைக்காலம் முடியும்வரை இங்கேயே இருக்கலாம். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் தன் கடை மாடியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், மொட்டைத் தலையில் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். அதனால் டி.வி. இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. பூசி மெழுகாமல் சொல்கிறேன். நான் அன்றைக்கு வணங்கத்தான் வந்தேன். உருண்டையை வணங்கத்தான். சின்னவளிடம்கூடச் சொல்லாமல் முடிவு செய்திருந்தேன். அவள் போனால் போகட்டும், மற்றவர்களுக்கு ஒரு கூரை மிஞ்சும், ஒரு நிமிஷ வேலை என்று நீ சொன்னதையே எனக்கு நான் சொல்லிக்கொண்டு நடந்தேன். யாருக்கும் பாடம் நடத்த எனக்குத் தெம்பில்லை.

பாதி வழியில் நீ தரையில் கிடந்து எழ முடியாமல் தவிப்பதைப் பார்த்தேன். தூக்கி நிறுத்தினேன். உன் உடம்பு அவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எங்கள் பெரியவர் விழுந்து கிடந்ததற்கு நான் ஒரு விதியையே விட்டேன். இவ்வளவு வருஷமாக யார் யாரை வணங்குவது என்று பேசினோம், பிக்கு, பிக்குணி, மூத்தவர், இளையவர். அந்த வரிசையில் நீ எங்கேயும் இல்லை. நீ இல்லை என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள், எங்கள் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்கள், நாங்கள் கிளம்பும்போது போய் வா என்று சொன்னவர்கள், யாருமே இல்லை. அப்புறம் என் முட்டி மடங்கிவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. எழுந்த பிறகு உருண்டையை வணங்கத் திரும்பினேன், முடியவில்லை. அவன்மேல் கோபமில்லை. அவன் முன்னால் இருந்த தரையில் அதற்குமேல் எனக்கு வேலை இல்லை என்று தோன்றியது. உனக்குச் சங்கடமாகிவிட்டது. அதற்கு மன்னித்துக்கொள். வணங்கியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அதனால்தான் இப்போது இந்தச் சிக்கல். இன்று பௌர்ணமி. நாங்கள் கூடி எங்கள் விதிகளை ஓதும் நாள். அதற்கு முன்னால் அவரவர் செய்த குற்றத்தைச் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். துறவி இல்லறத்தாரை வணங்குவது எங்கள் விதிப்படி ஒரு சின்னக் குற்றம். அந்த விதியை நாங்கள் மாற்றவில்லை. மூத்தவரை இளையவர் வணங்கலாம் என்பதோடு எங்கள் கலகம் முடிந்துவிட்டது.

சின்னவள்தான் கேட்க வேண்டிய முறை. அவள் என்மேல் வருத்தமாக இருக்கிறாள். பிக்குணிகளுக்காகப் பேச வேண்டிய நாளில் நான் வீட்டு விஷயமாக்கிவிட்டேனாம். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து கேட்டாள்: "குற்றத்தைக் காண்கிறீர்களா?"

"காண்கிறேன்" என்றேன்.

"இனிமேல் அடக்கமாக இருப்பீர்களா?"

இருப்பேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை. எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். வாய் வரவில்லை. அவள் மறுபடி கேட்டாள். தையல்காரி, "சொல்லிடுங்க அக்கா, சொல்லிட்டா முடிஞ்சிடும்" என்று முணுமுணுத்தாள். சின்னவள் புத்தகப் பேச்சை விட்டுவிட்டு, "மறுபடியும் செய்வீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"அவளை மறுபடி பார்த்தா மறுபடி செய்வேன்" என்றேன்.

அவள் கோபமாகப் பேசவில்லை. "அப்ப நீங்க வெளியில உட்காரணும் அக்கா" என்றாள். சரிதான். தீராத குற்றத்தோடு ஒருவர் உள்ளே உட்காரக் கூடாது. அந்த விதியைச் சின்னவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

உள்ளே மூவரும் ஓதுகிறார்கள். நான் வாசல் படியில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். பெரிய மடத்து மண்டபத்திலும் எனக்கு இடமில்லை, இங்கேயும் இன்றைக்கு இல்லை. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். தூக்கம்தான் வருகிறது.

உன் அக்கா